இருபத்துநான்கு வெள்ளி இழைகள்

போன மாதம் ஒரு பத்திரிகைக்காரப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். மனோலாவைப் பற்றி எழுதப் போகிறாளாம். மூச்சைக் கேட்கும் துணியை நெய்தவள், இத்தாலியின் துணி நகரமான எங்கள் பிராத்தோவின் பெருமை என்றெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தாள். நடுவில் செருகிக்கொள்ள என்னிடமிருந்து இரண்டு வரி வேண்டும், அவ்வளவுதான். "நீங்க அவங்களுக்கு மிஷின் ரிப்பேர் பண்ணிக் குடுத்தவர்தானே?" என்று கேட்டாளே பார்க்கலாம். ரிப்பேராம்! முப்பத்தைந்து வருஷம் இந்த ஊர்த் தறிகளுக்கு மின்சாரவேலை பார்த்தவன் நான். அந்தத் துணிக்குள் மின்சாரம் ஓடியதே இந்த இவோவின் கையால்தான். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். மனோலாவின் அம்மா யோலேயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அது மனதில் கிடந்து உறுத்துகிறது. அதனால் இங்கே சொல்கிறேன்.

மனோலா எங்கள் தெருப் பெண். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் சாயப்பட்டறைக் கால்வாய் ஓடும். இன்றைக்குச் சிவப்பு, நாளைக்குப் பாசிப்பச்சை என்று தினமும் நிறம் மாறும். அதைப் பார்த்துவிட்டு வந்து, "அடுத்த குளிர்காலத்துக்குப் பாரிஸ்ல எல்லாரும் பச்சைதான் போடுவாங்க" என்று எட்டு வயதில் தீர்ப்புச் சொல்வாள். பிராத்தோக்காரர்கள் கை குலுக்குவதற்கு முன்னால் எதிரே நிற்பவனுடைய சட்டைக் கையைத் தடவிப் பார்ப்பவர்கள். இவள் அதற்கும் ஒரு படி மேலே. கோவிலில் பாதிரியாரின் அங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபாதர், உங்களை ஏமாத்திட்டாங்க, இதுல நைலான் இருக்கு" என்றாள். அப்போது யோலே அவள் தொடையில் கிள்ளிய கிள்ளலை நானே பார்த்தேன்.

யோலே ஊரிலேயே பேர்போன இழை ஓட்டுகிறவள். நெய்து வரும் துணியில் எங்கே முடிச்சு, எங்கே இழை தப்பியிருக்கிறது, எங்கே வேற்று நூல் கலந்திருக்கிறது என்று விரலாலேயே கண்டுபிடித்து, சிறு இடுக்கியால் அதை உருவி எடுத்துவிட்டு, ஊசியால் சரியான நூலை ஓட்டிவிடுவாள். அவள் கை பட்ட இடத்தை நெய்தவனே வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆலைகளிலிருந்து துணி வீட்டுக்கே வரும். மாடி ஜன்னலோரம், வெளிச்சத்துக்கு எதிரே துணியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு நாற்பது வருஷம் உட்கார்ந்தாள். வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது. தெருவில் யார் போனாலும் அங்கிருந்தே ஒரு குத்தல் விழும்.

மனோலா ஓர் ஆலையில் துணி வடிவமைப்பாளராகச் சேர்ந்தாள். பதினான்கு வருஷம். கட்டம் போட்ட கம்பளித் துணிகளில் அவள் போட்ட கட்டங்கள் லண்டன் வரைக்கும் போயின. அப்படியே இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருப்பாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜனவரியில் அவளுடைய அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். கொஞ்ச நாளாகவே தூங்கும்போது மூச்சு விட்டுவிட்டு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு விட்டது திரும்ப வரவில்லை. யோலே பக்கத்திலேயேதான் படுத்திருந்தாள். காலையில் காப்பி போட்டுவிட்டு வந்து எழுப்பியபோதுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மனோலா சாப்பிடவில்லை. அப்பா போட்டிருந்த கம்பளி உள்சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "இவோண்ணே, இது அவர் நெஞ்சு மேலதானே இருந்துச்சு? மூச்சு நின்னது இதுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல? நம்மகிட்ட சொல்ல வாய்தான் இல்ல" என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் ஆலை வேலையை விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றாள். "துணிக்கு வாய் வைக்கணும், வரியா?" என்றாள். போனேன். என் பெண்டாட்டி ஒரு வாரம் பேசவில்லை.

வீட்டின் கீழ்த்தளத்தில், முன்பு அவளுடைய அப்பாவின் தறிகள் இருந்த கூடத்தில்தான் பட்டறை. வெள்ளிப் பூச்சு ஏற்றிய நூலைக் கம்பளியோடு குறுக்கே ஓடும் ஊடையாகக் கொடுத்து நெய்வது. போட்டவன் மூச்சிழுத்தால் நெஞ்சு விரியும், நூலும் விரியும், அதில் ஓடும் மின்சாரம் கொஞ்சம் மாறும், கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். சொன்னால் இவ்வளவுதான். செய்வதற்குள் எங்கள் உயிர் போய் உயிர் வந்தது. முதல் சட்டையை எனக்குத்தான் மாட்டிவிட்டாள். வியர்வை பட்டதும் அக்குளில் சுரீரென்று ஒரு ஷாக், நான் நாற்காலியோடு துள்ளினேன். "ஐயையோ, மன்னிச்சுக்கோண்ணே" என்று ஓடி வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், அப்பா போனபிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டாவது துணி துவைத்ததும் கறுத்துப்போயிற்று. மூன்றாவது நான் வாய்க்கு வந்தபடி திட்டிய துணி, அதைப் பற்றி வேண்டாம். ஈரக் கம்பளியும் ஈயப் பற்றும் கலந்த அந்த வாசனை எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் நான் நடையை நிறுத்திவிடுவேன். உப்பில்லாத ரொட்டிக்குள் மோர்த்தடெல்லா இறைச்சித் துண்டு வைத்து, ஆளுக்கு அரை டம்ளர் வைனோடு, கால்வாய்ப் பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடுவோம். அந்த இரண்டு வருஷத்தைப் போல என் ஆயுசில் எனக்கு வேறு காலம் வாய்க்கவில்லை. யாராவது திருப்பிக் கொடுத்தால் மீதி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

யோலேவுக்கு இந்தத் துணி ஆகவே ஆகாது, அதில் என்ன நூல் ஓடுகிறது என்றுகூடக் கேட்டதில்லை. மகள் ஊருக்குள் பைத்தியக்காரப் பட்டம் வாங்கிவிட்டாளே என்ற வருத்தம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒருநாள் படியில் நின்றுகொண்டு, "துணின்னா குளிருக்குப் போர்த்திக்கறது. அதை வச்சு ஒட்டுக் கேப்பாங்களா? மனுஷன் மூச்சு வாங்குறதை ஒரு துணி கேக்கணுமா?" என்று ஆரம்பித்தாள். மனோலா அன்றைக்குக் களைத்துப் போயிருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "நீ பக்கத்துலதான் படுத்திருந்தே. உனக்குக் கேக்கல. துணிக்காவது கேக்கட்டும்."

யோலே படியேறிப் போய்விட்டாள். அதோடு சரி. பதினான்கு மாதம் தாயும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நடுவில் நான்தான் தபால்காரன். மனோலா இரண்டடி தள்ளி நிற்கும்போதே யோலே ஜன்னலிலிருந்து கத்துவாள்:

"டேய் இவோ, அந்த இன்ஜினியரம்மாகிட்ட சொல்லு, மழை வருது, கொடியில துணி நனையுது."

"இவோண்ணே, மேல இருக்கறவங்ககிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு இருக்கு."

"கண்ணு இருக்காம். காது இருக்கான்னு கேளு."

சிரிப்பு வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் செலரித் தண்டுக்குள் கறி அடைத்துப் பொரித்துத் தக்காளிச் சாற்றில் வேகவைக்கும் வாசனை மேலேயிருந்து வரும்போது, கீழே மனோலா ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவாள். அப்போது எனக்குச் சிரிப்பு வராது.

இரண்டாயிரத்தொன்று அக்டோபர். பொலோஞாவில் ஆஸ்பத்திரிகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து செரெனி என்பவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை. அவருக்குப் பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் மனோலா அடுத்த திங்கட்கிழமை பழைய ஆலைக்கே திரும்பிப் போகவேண்டியதுதான். முதலாளியிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். எங்களிடம் சரியாக வந்த துணி ஒரே ஒரு துண்டுதான். சாம்பல் நீலக் கம்பளி, சட்டைக்கு முன்பக்கம் பின்பக்கம் வெட்டும் அளவு, ஊடையில் இருபத்துநான்கு வெள்ளி இழை.

முந்தின வெள்ளிக்கிழமை மனோலா மிலானுக்குக் கிளம்பினாள். கோடு வரையும் பெட்டியை ஒரு சிநேகிதன் அங்கே செய்துகொண்டிருந்தான், மூன்று நாள் வேலை. நானும் பிஸ்தோயாவில் தங்கை வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. புறப்படும் முன், வந்து கம்பி இணைக்கும்போது நான் தேடித் தடுமாறக்கூடாதே என்று, ஒவ்வொரு வெள்ளி இழையும் முடிகிற இடத்தில் துணியின் கரையில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்தாள். இருபத்துநான்கு சிவப்பு நூல்.

பிராத்தோவில் பிறந்தவள் அவள். நானும் இந்த ஊரில்தான் பிறந்தேன். கரையில் நூல் கட்டினால் இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்த வரியில் தப்பு இருக்கிறது, சரி செய் என்று அர்த்தம். ஆலைகளில் துணியைச் சோதிக்கிறவன் கட்டுவான், இழை ஓட்டுகிறவள் பார்ப்பாள். நூறு வருஷமாக அதுதான் பேச்சில்லாத உத்தரவு. எங்கள் இரண்டு மரமண்டைகளுக்கும் அது அன்றைக்கு உறைக்கவேயில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் இருவரும் வந்து சேர்ந்தோம். துணி மேஜைமேல் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. மேலே ஒரு கொத்து லாவண்டர். சிவப்பு நூல்களைக் காணோம். நான் அதையும் கவனிக்காமல் கம்பியை வைத்துப் பார்த்தேன். கோடு அசையவில்லை. பெட்டியைத் திட்டினேன், மிலான்காரனைத் திட்டினேன், பாட்டரியை மாற்றினேன். மனோலா துணியை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். கரையிலிருந்து கரைவரை சாம்பல் நீலம். ஒரே ஒரு வெள்ளி இழைகூட இல்லை. எடுத்த தடமும் இல்லை. உலகத்திலேயே அப்படிச் செய்யக்கூடியவள் ஒருத்திதான், அவள் எங்கள் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா" என்றாள் மனோலா, மெதுவாக.

எனக்கு எப்போதும் மூக்குநுனியில் கோபம். "கெடுத்துட்டாளே! ரெண்டு வருஷம்! கிழவி வேணும்னே…"

"கத்தாதேண்ணே, மேல கேக்கும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னு இல்ல. நூல் கட்டினது நான்தானே. இத்தனை தப்போட பொலோஞாக்காரர் முன்னாடி போய் நிக்கப் போறேன்னு பயந்திருக்கா. பதினாலு மாசம் கழிச்சு எனக்காக ஊசி எடுத்திருக்கா. அதுவும் அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு. டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்னு சொன்ன கண்ணு." துணியைத் திரும்ப மடித்தாள். "செரெனிக்குப் போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லிடறேன். நான் ஆலைக்கே போயிடறேன். அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னே, அப்புறம் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

மறுபடி நெய்யவும் வழியில்லை. எங்களுக்கு நெய்துகொடுத்த தறிக்காரன் அந்தப் பாவு நூலை இறக்கிவிட்டு வேறு துணி ஏற்றியிருந்தான். மனோலா போன் பக்கம் போனாள். நான் மாடிப்படி பக்கம் போனேன். வாக்குக் கொடுத்தால்தானே மீறுவதற்கு?

யோலே ஜன்னலோரம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. முகத்தில் அப்படியொரு ஆவல்.

"பார்த்தாளா?"

"பார்த்தா."

"என்ன சொன்னா? இருபத்துநாலு இடம்டா! எந்தக் குடிகாரன் நெய்ஞ்சான் அதை? கம்பி மாதிரி என்னமோ கலந்து கிடந்துது. வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளும் இடுப்பு நிமிரல. கோவிலுக்குக்கூடப் போகல."

எப்படியோ சொல்லிவிட்டேன். தப்பு இல்லை, அதுதான் கேட்கிற நூல், அது இல்லாமல் துணி வெறும் துணி, மனோலா உன்னிடம் சொல்லவேண்டாம் என்கிறாள், ஆலைக்குத் திரும்பப் போகிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். யோலே மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்:

"அந்த நூலு… அன்னிக்கு அவரு சட்டையில இருந்திருந்தா, என்னை எழுப்பி விட்டிருக்குமா?"

பொய் சொல்லத் தெரியாதவன் நான். "எழுப்பியிருக்கலாம், யோலேம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. கண்ணாடியை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் துடைத்தாள். "சொல்லவேண்டாம்னாளா? பெரிய மனுஷி! போய் அவளை மேல வரச் சொல்லு. அந்த நூல்கண்டையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரச் சொல்லு."

நான் இறங்கிப் போனபோது மனோலாவுக்குப் பொலோஞா லைன் இன்னும் கிடைத்திருக்கவில்லை. செவ்வாயும் புதனும் விடிந்ததிலிருந்து வெளிச்சம் இருக்கிறவரை இருவரும் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தார்கள். தான் ஓட்டிய கம்பளி இழையின் நுனியில் வெள்ளி நூலைச் சேர்த்து, விரல்கடை விரல்கடையாக இழுத்து, கம்பளி வெளியே வர வர வெள்ளி உள்ளே போகும்படி யோலே செய்தாள். கண்ணுக்குப் பாதிதான் தெரிந்தது, மீதியை விரல் பார்த்தது. மனோலா துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பேசினார்கள் என்று சொல்லமுடியாது. "பிடி." "விடு." "அவசரப்படாதே, அறுந்துடும்." பதினேழாவது இழை அறுந்தேவிட்டது. இரண்டு நுனியையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் சேர்த்தாள் யோலே. புதன் இரவு மனோலா அதைச் சட்டையாகத் தைத்தாள். நான் கம்பி இணைத்தேன். கோடு ஏறியது, இறங்கியது. நான் வெளியே போய்க் கால்வாய்க் கரையில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

வியாழக்கிழமை செரெனி வந்தார். அவருக்கு ஆர்டர் கொடுக்க மனம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. நாங்கள் எதிர்பார்த்ததில் பாதி. அதை வைத்துத்தான் மனோலா எழுந்து நின்றாள், மீதியைத்தான் அந்தப் பத்திரிகைப் பெண் எழுதப்போகிறாளே. நான் சொல்லவந்தது அது இல்லை.

முதலில் மனோலாவே சட்டையைப் போட்டுக்கொண்டாள். படபடப்பில் கோடு ஆடு துள்ளுவதைப் போலத் துள்ளியது. செரெனி நெற்றியைச் சுருக்கினார். "வேற யாராவது கொஞ்சம் நிதானமா இருக்கறவங்க இருக்காங்களா?" என்றார். நான் முயன்றேன். தோளுக்குக் கீழே இறங்கவில்லை, என் வயிற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. படியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த யோலே, "அதைக் கிழிச்சு வைக்காதேடா தடியா, இங்க கொடு" என்று வாங்கித் தன் சட்டைமேலேயே மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொட்டிக்கடை வரிசையில் நிற்கிறவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

கோடு அழகாக ஏறி இறங்கியது. ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். செரெனி திரையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு எழுந்துவந்தார். அவரும் துணிக்காரக் குடும்பத்துப் பிள்ளை போலிருக்கிறது. "மன்னிக்கணும், சிஞ்ஞோரா" என்று சொல்லிவிட்டு, யோலேயின் விலாப் பக்கத் துணியை இரண்டு விரலால் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு ஒட்டு இருக்கு. இது தறியில வந்ததில்ல. கையால போட்ட இழை. யார் பண்ணது?"

தறி புதுசு, அப்படி இப்படி என்று ஏதாவது சொல்லித் தொலையேன் என்று மனோலாவைப் பார்த்தேன். அவள் செரெனியைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தாள்.

"இவங்கதான். எங்கம்மா" என்றாள். "இருபத்துநாலு இழையும் அவங்க கையால போட்டது. தப்பு பண்ணினது நான், சார். அவங்க ஒரு தப்பும் பண்ணல. என்னைக்கும் பண்ணல."

யோலேயின் முகம் அசையவில்லை. கண் சிமிட்டவில்லை, உதடு துடிக்கவில்லை. யார் பார்த்தாலும் அவளுக்குக் காது கேட்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் திரையில் கோடு நின்றுவிட்டது. ஏறின இடத்திலேயே, நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

"மிஷின் நின்னுபோச்சா?" என்றார் செரெனி.

"இல்ல சார். மிஷின் நல்லாத்தான் இருக்கு." மனோலா போய் நாற்காலி முன்னால் மண்டியிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா. மூச்சு விடும்மா."

"விடுறேன்டி" என்றாள் யோலே. "அதுக்கு ஏன் ஊரைக் கூட்டுறே?"

கோடு இறங்கியது.